புது மூலக்கூறுக்கு எக்ஸ்ரே படிக அமைப்பு எடுக்கப் போகிறீர்களா? குப்பியிலிருந்து பதிவு எண் வரை

மருந்தாக்கும் நோக்கத்தில் ஒரு மூலக்கூறைச் செய்திருப்பீர்கள். அல்லது வாயுவைச் சேமிக்கும் நுண்துளைப் பொருள் ஒன்றைச் செய்திருப்பீர்கள். எதுவாக இருந்தாலும் ஆய்விதழின் மதிப்பீட்டாளர் ஒரு கட்டத்தில் கேட்பார்: "நீங்கள் வரைந்திருக்கும் படம்தான் குப்பியில் இருக்கிறது என்பதற்கு என்ன சான்று?" இதற்கு வலுவான பதில், ஒற்றைப் படிகத்தில் எக்ஸ்ரே பாய்ச்சி எடுத்த அமைப்பு.

என் முதல் அமைப்பு கைக்கு வரப் பதினோரு மாதம் ஆனது. அதில் எக்ஸ்ரே கருவியில் கழிந்தது ஓரிரு இரவுதான். மீதிக் காலமெல்லாம் யாரும் எழுதி வைக்காத சின்னச் சின்ன விஷயங்களில் போனது. இந்த வேலைக்கு இப்போதுதான் வந்திருக்கும் உங்களுக்கு அந்த மாதங்கள் மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் தூய்மை, அப்புறம் படிகம்

பொருள் கொஞ்சம் அழுக்காக இருந்தாலும் படிகமாகும்போது தானாகச் சுத்தமாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். சில சமயம் உண்மைதான். ஆனால் அழுக்கே முதலில் படிகமாவதும் உண்டு. எனக்கு அப்படித்தான் நடந்தது. மூன்று வாரம் காத்திருந்து, கண்ணாடிச் சில்லு போல மின்னும் அழகான படிகங்கள் கிடைத்தன. அளந்து பார்த்தால் அது டிரைஃபீனைல்பாஸ்பீன் ஆக்சைடு. வினையின் கழிவுப்பொருள். இந்தச் சேர்மம் இப்படிப் பலரை ஏமாற்றியிருக்கிறது. உங்கள் வினையில் பாஸ்பீன் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

ஆகவே படிகம் வைப்பதற்கு முன் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலை) எடுத்துக் கழிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முப்பது நாற்பது மில்லிகிராம் சுத்தமான பொருள் இருந்தால் நிம்மதி. பத்து மில்லிகிராம்தான் இருக்கிறது என்றாலும் முடியும், ஆனால் எல்லாவற்றையும் ஒரே குப்பியில் போட்டுவிடாதீர்கள்.

2. படிகம் வளர்த்தல்

காலம் அதிகம் போவதும் வெற்றி தோல்வி முடிவாவதும் இங்கேதான். பதறாத காரியம் சிதறாது என்பது வேறெங்கும் இவ்வளவு பொருந்தாது. கரைசல் எவ்வளவு மெதுவாகத் தெவிட்டுகிறதோ, அவ்வளவு குறைவான கருக்கள் (படிகம் வளரத் தொடங்கும் புள்ளிகள்) உண்டாகும். கருக்கள் குறைந்தால் ஒவ்வொன்றும் பெரிதாக வளரும்.

மூன்று முறைகளை ஒரே நாளில் வையுங்கள்.

முதலாவது, மெதுவாக ஆவியாக விடுவது. பொருளைக் கரைத்து, குப்பியின் வாயில் அலுமினியத் தாளை மூடி, ஊசியால் இரண்டு துளை போட்டால் போதும். எளிது. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. நீங்கள் கவனிக்காத ஒரு வார இறுதியில் கரைப்பான் முழுவதும் காய்ந்து, படிகங்கள் பொருக்காகிவிடும். என் பொருளுக்கு இதுதான் இரண்டு முறை நடந்தது. கடைசிச் சொட்டு காய்வதற்கு முன் மூடிவிட வேண்டும்.

இரண்டாவது, ஆவிப் பரவல். நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஐந்திலிருந்து பத்து மில்லிகிராம் பொருளை அரை மில்லிலிட்டர் நல்ல கரைப்பானில் கரைத்துச் சிறு குப்பியில் ஊற்றுங்கள். அந்தக் குப்பியை மூடாமல், மூன்று நான்கு மில்லிலிட்டர் எதிர்க்கரைப்பான் உள்ள பெரிய குப்பிக்குள் நிறுத்தி, பெரிய குப்பியை இறுக்கி மூடுங்கள். எதிர்க்கரைப்பான் என்பது உங்கள் பொருள் கரையாத, ஆனால் நல்ல கரைப்பானோடு கலக்கும் திரவம். அது நல்ல கரைப்பானைவிடச் சீக்கிரம் ஆவியாவதாக இருக்க வேண்டும். அசிட்டோநைட்ரைலில் கரைத்து வெளியே டைஎத்தில் ஈதர், டொலுயீனில் கரைத்து வெளியே பென்டேன், இவை இரண்டும் பழகிய ஜோடிகள். ஈதரின் ஆவி மெல்ல உள்ளே இறங்க, பொருளின் கரைதிறன் நாளுக்கு நாள் குறையும்.

மூன்றாவது, அடுக்கு முறை. குறுகிய குழாயில் கீழே டைகுளோரோமீத்தேன் கரைசல், மேலே ஹெக்சேன். ஹெக்சேனை ஊற்றாதீர்கள். சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இரண்டு அடுக்குக்கும் நடுவே வெயிலில் தார்ச்சாலை மேல் தெரிவது போன்ற நெளிவு தெரியும். அது தெளிவான கோடாக இருந்தால் சரியாக இறக்கியிருக்கிறீர்கள் என்று பொருள்.

கரைசலைக் குப்பியில் விடும் முன் சின்னப் பஞ்சு அடைத்த கண்ணாடிப் பிப்பெட் வழியாக வடிகட்டுங்கள். ஒவ்வொரு தூசியும் ஒரு கரு. வடிகட்டாமல் வைத்தால் நூறு நல்ல படிகத்துக்குப் பதில் பத்தாயிரம் பொடிதான் மிஞ்சும்.

அடுத்து, குப்பி இருக்கும் இடம். பம்பு ஓடும் மேசையில், கலக்கி சுழலும் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தினமும் தூக்கிப் பார்க்காதீர்கள். ஆசை அடங்காது, எனக்குத் தெரியும். ஆனாலும் தொடாமல், குனிந்து பாருங்கள்.

அப்புறம் பெயர்ச்சீட்டு. மார்க்கர் பேனாவால் எழுதினால் கரைப்பான் பட்டதும் மை ஓடிவிடும். பென்சிலால் எழுதுங்கள். பொருள், நல்ல கரைப்பான், எதிர்க்கரைப்பான், தேதி இந்த நான்கும் சீட்டிலும் குறிப்பேட்டிலும் இருக்கட்டும். எந்தக் குப்பியில் எந்தக் கரைப்பான் என்று தெரியாமல் போனால், நல்ல படிகம் வந்தும் அதைத் திரும்ப வளர்க்க முடியாது. படிகத்தின் இடுக்கில் சிக்கியிருக்கும் மூலக்கூறு என்ன என்று கண்டுபிடிக்கவும் அந்தத் தகவல் வேண்டும்.

குளோரோஃபார்ம் பற்றி ஒரு வார்த்தை. வெளிச்சத்திலும் காற்றிலும் நின்ற குளோரோஃபார்மில் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும். உங்கள் மூலக்கூறில் அமீன் தொகுதி இருந்தால் அது அமிலத்தைப் பிடித்துக்கொண்டு உப்பாகப் படிகமாகும். அமைப்பு அருமையாக வரும், ஆனால் நீங்கள் செய்த பொருளின் அமைப்பாக அது இருக்காது.

எவ்வளவு நாள்? மூன்று நாளில் வருவதும் உண்டு, ஒரு மாதம் எடுப்பதும் உண்டு. இரண்டு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் குப்பிகளைக் கொட்டாமல் ஓரமாக வைத்துவிட்டு, வேறு கரைப்பான் ஜோடியில் புதிதாக வையுங்கள். எண்ணெயாகவே பிரிகிறது என்றால் பொருளையே மாற்றிப் பாருங்கள். அமீன் இருந்தால் உப்பாக்கலாம். உப்பாக இருந்தால் எதிர் அயனியை மாற்றலாம். நீண்ட ஆல்க்கைல் வால் இருந்தால், அமைப்பை நிரூபிக்க மட்டும் வால் குட்டையான ஒரு உறவுப் பொருளைச் செய்யலாம்.

3. நுண்ணோக்கியில் பாருங்கள், தாய்க்கரைசலை விட்டு எடுக்காதீர்கள்

கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதெல்லாம் நல்ல படிகம் அல்ல. முனைவாக்கிய ஒளி நுண்ணோக்கியில் வைத்து மேடையைச் சுழற்றுங்கள். ஒற்றைப் படிகம் என்றால் முழுவதும் ஒரே நொடியில் இருளும், முழுவதும் ஒரே நொடியில் ஒளிரும். ஒவ்வொரு 90 பாகைக்கும் இது நடக்கும். ஒரு பாதி இருண்டு மறு பாதி மின்னினால் அது ஒட்டிப் பிறந்த இரட்டை. விட்டுவிடுங்கள். கனசதுர வகைப் படிகம் மட்டும் எந்தத் திருப்பத்திலும் இருண்டே இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஆய்வகக் கருவிக்கு ஒவ்வொரு பக்கமும் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: படிகத்தை வடிகட்டி உலர்த்தாதீர்கள். வேதியியலில் நம் கை எல்லாவற்றையும் வடிகட்டி உலர்த்தியே பழகியிருக்கிறது. ஆனால் பல படிகங்களின் இடுக்குகளில் கரைப்பான் மூலக்கூறுகள் உட்கார்ந்திருக்கும். காற்றுப் பட்டதும் அவை வெளியேற, உள் அடுக்கு சரிந்துவிடும். என் முதல் நல்ல படிகத்தை நுண்ணோக்கியின் கீழ் அப்படித்தான் இழந்தேன். தெளிந்த கண்ணாடியாக இருந்தது ஓர் ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கி, ஒரு நிமிடத்துக்குள் சுண்ணாம்புத் துண்டு போல ஆகிவிட்டது. நுண்துளைப் பொருள்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். எக்ஸ்ரே அளப்பவர்களிடம் கொடுக்கும்போது படிகம் அது வளர்ந்த கரைசலிலேயே, மூடிய குப்பியில் இருக்கட்டும்.

4. மாதிரிப் படிவத்தை முழுமையாக நிரப்புங்கள்

எக்ஸ்ரே அளப்பவர்களுக்கு மாதிரியோடு தரும் படிவத்தைப் பலர் இரண்டு நிமிடத்தில் கிறுக்கிக் கொடுக்கிறார்கள். அப்புறம் மாதிரி திரும்பி வருகிறது, அல்லது வரிசையில் பின்னுக்குப் போகிறது. பொதுவாகக் கேட்பவை: எதிர்பார்க்கும் அமைப்பின் படம், வாய்பாடு, வினையில் பயன்படுத்திய எல்லாத் தனிமங்களும், படிகம் வளர்த்த கரைப்பான்கள், காற்று ஈரம் வெப்பம் வெளிச்சம் இவற்றில் எதைத் தாங்காது என்பது, ஆபத்து விவரம், செலவை ஏற்கும் கணக்கின் எண், பொறுப்பாளர் கையொப்பம்.

ஆபத்து விவரத்தில் "தெரியாது" என்று எழுதினால் மாதிரியைத் தொடக்கூட மாட்டார்கள். புது மூலக்கூறுக்கு யாரிடமும் பாதுகாப்புத் தாள் இருக்காது. எனவே அதை நச்சுத்தன்மை உள்ளதாகக் கருதிக் கையாள வேண்டும் என்று எழுதி, அசைடு, பெர்குளோரேட் போல வெடிக்கக்கூடிய தொகுதி இருந்தால் அதைப் பெரிதாகக் குறிப்பிடுங்கள்.

மூலக்கூறு கைராலிட்டி உள்ளதா (இடது கை, வலது கை போல ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத இரண்டு கண்ணாடி வடிவங்கள் உண்டா), இடது வலது வடிவத்தை நிரூபிக்க வேண்டுமா என்பதையும் இங்கேயே எழுத வேண்டும். ஏன் என்பது ஆறாவது படியில்.

5. எங்கே அனுப்புவது, என்ன செலவு

உங்கள் நிறுவனத்திலேயே கருவி இருந்தால் அதுதான் முதல் வாசல். கட்டணம் பொதுவாக உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்று, வெளிக் கல்வி நிறுவனங்களுக்கு ஒன்று, கம்பெனிகளுக்கு ஒன்று என மூன்று அடுக்காக இருக்கும். அனுப்பும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். கட்டணம் மாதிரிக்கா, மணிக்கா? படிகம் சரியில்லை என்று திரும்பினால் அதற்கும் பணம் உண்டா? அமைப்பைத் தீர்த்துத் தருவது இதில் சேர்ந்ததா, தனியா? மூன்றாவதைக் கேட்காமல் விட்டால், அளந்த தரவு மட்டும் கைக்கு வந்து அதை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்க நேரும்.

படிகம் மிகச் சிறிதாக, தலைமுடியைவிட மெல்லிய ஊசியாக இருந்தால், மிகத் தீவிரமான எக்ஸ்ரே தரும் பெரிய முடுக்கியான சிங்க்ரோட்ரான் உதவும். முடிவுகளை வெளியிடும் ஆய்வுகளுக்குப் பெரும்பாலான மையங்களில் கதிர் நேரத்துக்குக் கட்டணம் இல்லை. முடிவைத் தனக்கே வைத்துக்கொள்ளும் நிறுவனம் பணம் கட்ட வேண்டும். ஆனால் விண்ணப்பம், நிபுணர் மதிப்பீடு, பாதுகாப்பு ஒப்புதல் எல்லாம் தாண்டிக் கதிர் கிடைக்கப் பல மாதம் ஆகும். பல மையங்களில் விண்ணப்ப அழைப்பு ஆண்டுக்கு இரண்டு முறைதான். எனவே ஆய்வகக் கருவி கைவிட்ட பிறகு விண்ணப்பம் எழுதத் தொடங்காதீர்கள். சந்தேகம் வந்த அன்றே தொடங்குங்கள்.

பொடியாகவே வருகிறது, வளர மறுக்கிறது என்றால், எக்ஸ்ரேக்குப் பதில் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சும் எலக்ட்ரான் விளிம்பு விளைவு முறையைப் பற்றி விசாரியுங்கள். ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகளிலிருந்து மருந்து மூலக்கூறுகளின் அமைப்பை எடுக்க முடியும் என்று 2018-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. இந்தக் கருவி இன்னும் எல்லா இடத்திலும் இல்லை.

6. அளக்கும் நாளில் கூட இருங்கள்

அனுமதித்தால் கட்டாயம் போங்கள். படிகத்தை எண்ணெய்ச் சொட்டில் எடுத்து, சின்ன வளையத்தில் பிடித்து, சுமார் 100 கெல்வின் குளிரில் பாயும் நைட்ரஜன் காற்றில் நிறுத்துவார்கள். எண்ணெய் உறைந்து படிகத்தைப் பிடித்துக்கொள்ளும். சில படிகங்கள் இந்தக் குளிரில் விரிசல் விடும். அப்படி நடந்தால் 200 கெல்வினில் முயலச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் சில நிமிடங்களிலேயே அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சின்னப் பெட்டியின்) அளவுகள் தெரிந்துவிடும். முழு அளவீட்டைத் தொடங்கும் முன் அந்த எண்களை ஏற்கெனவே பதிவான அமைப்புகளோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கேம்பிரிட்ஜ் படிகத் தரவுத்தளத்தில் 2019-இலேயே பத்து லட்சம் அமைப்புகள் சேர்ந்துவிட்டன. உங்களுடையது கழிவுப்பொருளாகவோ தொடக்கப்பொருளாகவோ இருந்தால் இந்த ஒப்பீட்டிலேயே பிடிபடும். என் டிரைஃபீனைல்பாஸ்பீன் ஆக்சைடுக்கு இதைச் செய்திருந்தால் ஓர் இரவும் ஒரு கட்டணமும் மிஞ்சியிருக்கும்.

கைராலிட்டிக்கு வருவோம். மருந்தில் ஒரு கைவடிவம் வேலை செய்து மற்றது செய்யாமல் போகலாம், கெடுதலும் செய்யலாம். எது எது என்று எக்ஸ்ரே சொல்லும், ஆனால் அதற்கு ஏற்றபடி அளக்க வேண்டும். மூலக்கூறில் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் மட்டும் இருந்தால் மாலிப்டினம் கதிரில் வித்தியாசம் தெரிவது கடினம். 1.54 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள செம்புக் கதிர் கேளுங்கள், ஃபிரீடல் ஜோடிகளையும் (படிகத்தின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து வரும் எதிரொளிப்புகள்) முழுமையாக அளக்கச் சொல்லுங்கள். முடிவில் ஃபிளாக் எண் என்று ஒன்று வரும். சுழிக்குப் பக்கத்தில் இருந்தால் வரைந்த கைவடிவம் சரி, ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் தலைகீழ். ஆனால் பிழை எல்லையைப் பார்க்காமல் அந்த எண்ணை நம்பாதீர்கள். 0.1 என்று வந்து, பிழை எல்லை 0.4 என்றால் அது எதையும் நிரூபிக்கவில்லை. பொருள் ஒரே கைவடிவம் என்று வேறு வழியில் முன்பே தெரிந்தால் பிழை 0.1-க்குக் கீழே இருந்தால் போதும். தெரியாவிட்டால் 0.04-க்குக் கீழே வேண்டும்.

7. அமைப்பைத் தீர்த்தல்

நல்ல தரவு என்றால் ஷெல்எக்ஸ்டி போன்ற நிரல் சில நொடிகளில் அணுக்களை இடம் வைத்துவிடும். அதற்கப்புறம் திருத்துவது ஒரு நாளும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். சிஎஃப்3 தொகுதி, பிஎஃப்6 அயனி, கரைப்பான் மூலக்கூறு இவை நிலைகொள்ளாமல் சுழலும் என்பதால் பெரும்பாலும் நேரத்தை அவைதான் தின்னும்.

மருந்து உப்புகளில் ஓர் இடத்தைக் கூர்ந்து பாருங்கள். அமிலத்தின் ஹைட்ரஜன் அமீனுக்குத் தாவிவிட்டதா, அமிலத்திலேயே நிற்கிறதா? தாவினால் உப்பு, நின்றால் இணைப்படிகம். எக்ஸ்ரேயில் ஹைட்ரஜன் மங்கலாகத்தான் தெரியும். ஆகவே பக்கத்துப் பிணைப்புகளை அளந்து பாருங்கள். கார்பன்-ஆக்சிஜன் நீளம் இரண்டும் ஏறக்குறைய 1.25 ஆங்ஸ்ட்ராம் என்றால் ஹைட்ரஜன் போய்விட்டது. ஒன்று 1.21, மற்றது 1.31 என்றால் இன்னும் அங்கேயே இருக்கிறது.

8. செக்சிஃப் எச்சரிக்கைகள்

முடிவு சிஐஎஃப் என்ற உரைக் கோப்பாக வரும். அதைச் சர்வதேசப் படிகவியல் ஒன்றியத்தின் செக்சிஃப் சேவையில் ஏற்றுங்கள். இலவசம், சில நிமிடம்தான். ஏ, பி, சி, ஜி என நான்கு வகை எச்சரிக்கை வரும். ஏ கடுமையானது. அதைச் சரிசெய்ய முயலுங்கள், முடியாவிட்டால் காரணத்தைக் கோப்பிலேயே நேர்மையாக எழுதுங்கள். "படிகம் பலவீனமாகச் சிதறியது, மூன்று படிகங்களில் இதுவே சிறந்தது" என்பது ஏற்கத்தக்க பதில். எச்சரிக்கை போக வேண்டும் என்பதற்காக மட்டும் அணுக்களை இழுத்துக் கட்டாதீர்கள்.

9. குப்பியில் உள்ள மொத்தமும் அதுதானா?

இந்தப் படியைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அளந்தது ஒரே ஒரு படிகம். மீதிப் பொருள் வேறு அடுக்கு வடிவத்தில் இருக்கலாம். மருந்தின் கரைதிறனே அந்த வடிவத்தால் மாறும். எனவே மொத்தப் பொருளுக்குத் தூள் எக்ஸ்ரே எடுத்து, சிஐஎஃபிலிருந்து கணித்த கோலத்தோடு ஒப்பிடுங்கள். மெர்க்குரி நிரலின் இலவசப் பதிப்பே இதற்குப் போதும். ஒற்றைப் படிகம் 100 கெல்வினிலும் தூள் அறை வெப்பத்திலும் எடுத்திருந்தால் உச்சிகள் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். குளிரில் கூடு சுருங்குவதே காரணம். கணித்த உச்சிகள் சற்று அதிகக் கோணத்தில் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கணிப்பில் இல்லாத உச்சி தூளில் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

10. காப்புரிமை கேட்டுவிட்டு, அப்புறம் பதிவு

மருந்துக்கு வாய்ப்புள்ள மூலக்கூறு என்றால், எதையும் வெளியே காட்டும் முன் உங்கள் நிறுவனத்தின் காப்புரிமைப் பொறுப்பாளரைப் பாருங்கள். மாநாட்டுச் சுவரொட்டியில் அமைப்பைப் போட்டாலே அது வெளியானதாகிவிடும். புதுமை போய்விட்டால் பல நாடுகளில் காப்புரிமை கிடைக்காது.

பதிவு செய்யும் இடம் பொருளைப் பொறுத்தது. கரிமச் சேர்மமும் உலோகக் கரிமச் சேர்மமும் கேம்பிரிட்ஜ் படிகத் தரவு மையத்துக்கு. கனிமச் சேர்மங்களையும் அந்த மையமும் ஜெர்மனியின் ஃபிட்ஸ் கார்ல்ஸ்ரூஹே என்ற தகவல் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் அதே வாசலில் கொடுக்கலாம். உங்கள் மூலக்கூறு புரதத்தோடு ஒட்டிய அமைப்பு என்றால் அது புரதத் தரவு வங்கிக்குப் போக வேண்டும், இங்கே அல்ல.

பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆசிரியர்களின் பெயர், எந்த இதழுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்ற விவரம், எதிரொளிப்புத் தரவு உள்ளே சேர்த்த சிஐஎஃப் இவை கையில் இருக்கட்டும். சில வேலை நாட்களுக்குள் ஏழு இலக்கப் பதிவு எண் வரும். கட்டுரை சமர்ப்பிக்கும்போது பல இதழ்கள் அந்த எண்ணைக் கேட்கும், எனவே கடைசி நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். கட்டுரை வெளியாகும் வரை தரவு மூடியே இருக்கும். மதிப்பீட்டாளர் திருத்தச் சொன்னால் புது எண் வாங்க வேண்டாம், அதே எண்ணில் திருத்திய கோப்பை ஏற்றுங்கள். கோப்பு மாறியும் கட்டுரையின் அட்டவணையில் பழைய எண்களே நிற்பது அடிக்கடி நடக்கும் தவறு. ஒவ்வொரு பிணைப்பு நீளத்தையும் ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

கட்டுரை வெளியான பிறகு மையத்தின் தேடல் பக்கத்தில் உங்கள் எண்ணைத் தட்டிப் பாருங்கள். அமைப்பு திறந்து, கட்டுரையின் இணைப்பும் அதனுடன் வர வேண்டும். வரவில்லை என்றால் மையத்துக்கு எழுதுங்கள். அதுவரை அந்தக் குப்பியைக் கரைசலோடு மூடி, பென்சில் சீட்டுடன் குளிர்பெட்டியில் வைத்திருங்கள். மதிப்பீட்டாளர் இன்னொரு முறை அளக்கச் சொன்னால் கைகொடுக்கப் போவது அதுதான்.